வளைகாப்புக்கு முந்தின சனி ஞாயிறு: ஏழு மாத வயிற்றோடு நெல்லையில் இரண்டு இரவு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மற்றவர்கள் ஒரு ஓட்டலைப் பார்க்கிற கண் வேறு, நான் பார்த்த கண் வேறு. வயிற்றில் ஏழு மாதம். முக்கால் மணிக்கு ஒரு தடவை எனக்குக் கழிப்பறை வேண்டும். பத்து நிமிடம் சேர்ந்தாற்போல நின்றால் இடுப்பு விட்டுப்போகிறது. அதனால் எத்தனை படி ஏற வேண்டும், எங்கே உட்காரலாம், கழிப்பறை எவ்வளவு தூரம் என்பதைத்தான் இரண்டு நாளும் அளந்துகொண்டே திரிந்தேன். சிற்பமும் கோபுரமும் அப்புறம்தான்.

தென்காசியில் இருந்துகொண்டு திருநெல்வேலிக்கு ஓய்வெடுக்கப் போகிறோம் என்றால் யாரும் சிரிப்பார்கள். எங்களுக்கு நெல்லை என்றால் பெரிய டாக்டரைப் பார்க்க, கல்யாண ஜவுளி எடுக்க, கலெக்டர் ஆபீசில் மனு கொடுக்க. 2019-ல் தென்காசி தனி மாவட்டம் ஆனதும் அந்த மனு வேலையும் போயிற்று. அத்தானுக்குக் கொடைக்கானல் போக ஆசை. டாக்டரம்மாவிடம் கேட்டோம். "கொண்டை ஊசி வளைவுல வாந்தி எடுத்துக்கிட்டே போகணுமா? ரெண்டு மணி நேரத்துல போற ஊராப் பாருங்க, பக்கத்துல பெரிய ஆஸ்பத்திரி இருக்கணும். மணிக்கொரு தரம் எந்திரிச்சு நடக்கணும், தண்ணி குடிக்கணும், ஃபைல் கையில இருக்கணும்" என்றார். அந்தக் கணக்குக்கு நெல்லைதான் வந்தது. ஐகிரவுண்டில் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது, போதாதா?

இதற்கெல்லாம் பேபிமூன் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். என் அத்தைக்கு அந்தப் பெயரைச் சொல்லவில்லை. "பிள்ளத்தாச்சியக் கூட்டிக்கிட்டு எங்கல கிளம்புத?" என்று மகனைத்தான் பிடித்தார். வளைகாப்புக்கு வளையல் எடுக்கப் போகிறோம் என்றார் இவர். பொய் இல்லை, வளையலும் எடுத்தோம். அடுத்த வாரம் வளைகாப்பு. அன்றைக்கே என்னை அம்மா வீட்டுக்குக் கோவில்பட்டிக்கு அழைத்துப் போய்விடுவார்கள். பிள்ளை பிறந்து மூன்று மாதம் கழித்துத்தான் தென்காசி. இவருக்கு ஸ்பேர் பார்ட்ஸ் கடை, சனிக்கிழமைதான் நல்ல வியாபாரம். கல்யாணமான நான்கு வருடத்தில் சனிக்கிழமை கடை அடைத்து நான் பார்த்ததில்லை. வெள்ளிக்கிழமை மத்தியானமே 'நாளை கடை விடுமுறை' என்று அட்டையில் எழுதித் தொங்கவிட்டுவிட்டு வந்து நின்றார். அந்த அட்டைக்காகவே நான் கிளம்பினேன் என்று சொன்னாலும் தப்பில்லை.

பஸ்ஸா, காரா, ரயிலா என்று யோசிக்கவே இல்லை. ரயிலில்தான் கழிப்பறை உண்டு. சாயங்காலப் பாசஞ்சரில் ஏறி ஜன்னல் ஓரம் காலை நீட்டி உட்கார்ந்தேன். பாவூர்சத்திரம், அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர், சேரன்மகாதேவி என்று ஒவ்வொரு ஊராக நிற்கும். எல்லா ஊரிலும் நிற்கிறதே என்று முன்பெல்லாம் எரிச்சல் வரும். இந்தத் தடவை அந்த நிற்பதே சௌகரியமாக இருந்தது. வண்டி நிற்கும்போது எழுந்து இரண்டு நடை நடந்துவிட்டு வந்து உட்காரலாம். தை மாதக் கடைசி, கல்லிடைக்குறிச்சி பக்கம் வயல் கதிர் வாங்கி நின்றது. எதிர் சீட்டில் இருந்த ஆச்சி என்னைப் பார்த்துவிட்டுக் கேட்காமலே பையில் இருந்து இரண்டு நெல்லிக்காய் எடுத்துக் கொடுத்தாள். "ஆம்பளப் பிள்ளதான்" என்றாள். இறங்கும்போது இன்னொரு அம்மா "வயிறு உருண்டையா இருக்கு, பொண்ணு" என்றார். நெல்லைக்குள் நுழைவதற்குள் ஒன்றுக்கு ஒன்று.

ஓட்டலுக்கு வருவோம். வண்ணார்பேட்டைப் பக்கம், பெயர் வேண்டாம். குறை சொல்லப் போகிறேன், அதனால் அங்கே வேலை பார்க்கிற ஒரு தம்பிக்குச் சிக்கல் வரக் கூடாது. வரியோடு ஒரு நாளைக்கு 3,100 ரூபாய், காலைச் சாப்பாடு சேர்த்து. போட்டோவில் பார்த்தபோது எல்லாம் பளபளவென்று இருந்தது. லிஃப்ட் உண்டு என்று போட்டிருந்தார்கள், உண்மைதான். ஆனால் வாசலில் இருந்து லிஃப்டுக்குப் போக ஐந்து படி ஏற வேண்டும். லிஃப்ட் வைத்த புண்ணியவான் அந்த ஐந்து படியை என்ன நினைத்து விட்டுவைத்தாரோ. கைப்பிடியும் ஒரு பக்கம்தான், அதுவும் இறங்கும்போது இடது கைக்கு வரும்.

அறை விசாலம். மெத்தை கெட்டி, இந்த மாதத்துக்கு அதுதான் நல்லது. மெத்மெத்தென்று இருந்தால் புரண்டு படுக்க ஆளைக் கூப்பிட வேண்டும். ஏசி சத்தமில்லாமல் ஓடியது. ஆனால் குளியலறை வாசலில் அரை அடி உயரத்துக்கு ஒரு மேடு. ராத்திரி நான்கு தடவை எழுந்து போகிறவளுக்கு அந்த மேடு யமன். உள்ளே தரை வழவழ பளிங்கு டைல்ஸ், ஈரம் பட்டால் சோப்புதான். பிடித்துக்கொள்ளச் சுவரில் ஒரு கம்பி கிடையாது. துண்டு போடுகிற கம்பியைப் பிடித்தேன், அது கையோடு வந்தது. அத்தான் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. நேரே கீழே இறங்கிப்போய்ச் சொன்னார்.

இங்கேதான் அந்தத் தம்பி. வரவேற்பில் இருந்த பையன், இருபத்திரண்டு வயது இருக்கும். மேலே ஓடிவந்து பார்த்துவிட்டு, "அக்கா மாசமா இருக்கியளா? முன்னமே சொல்லப்பிடாதா, வேற ரூம் போட்டிருப்பேம்லா" என்றான். வேறு அறையிலும் அதே மேடுதான். அவனே யோசித்து, உள்ளே வழுக்காத ரப்பர் விரிப்பு இரண்டு போட்டு, மேட்டுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை ஒட்டிப் போட்டான். "இதப் பிடிச்சுக்கிட்டு ஏறுங்க, நாற்காலி நகராது, பின்னால சுவரு" என்றான். ராத்திரி விளக்கு ஒன்று கொண்டுவந்து பிளக்கில் மாட்டினான். நான் தலையணை நான்கு கேட்டேன், ஆறு வந்தது. இடப்பக்கம் சரிந்து படுத்து, முட்டிக்கு நடுவில் ஒன்று, வயிற்றுக்குக் கீழே ஒன்று, முதுகுக்கு ஒன்று என்று அடுக்கினால் எனக்கு ஐந்து போதும். ஆறாவதை அத்தானுக்குக் கொடுத்தேன்.

சனிக்கிழமை காலை ஏழரைக்கெல்லாம் நெல்லையப்பர் கோயிலில் இருந்தோம். இது முக்கியம்: கருங்கல் தளம் சுடுவதற்குள் போய்விட வேண்டும். மத்தியானம் நடை சாத்திவிடுவார்கள், திறப்பது சாயங்காலம்தான். கோயில் சின்னதில்லை, 850 அடிக்கு 756 அடி என்பார்கள். சுவாமிக்கு ஒரு கோயில், காந்திமதி அம்பாளுக்கு ஒரு கோயில், இரண்டையும் சேர்க்கிறது சங்கிலி மண்டபம். 1647-ல் வடமலையப்ப பிள்ளை கட்டியது. அவர் என்ன நினைத்துக் கட்டினாரோ, நிழலாக, மட்டமாக, நீளமாக நடக்க ஓர் இடம் இருந்தால் பிள்ளைத்தாச்சிக்கு அதைவிட என்ன வேண்டும்? நான் அதில் இரண்டு தடவை போய் வந்தேன். ஒவ்வொரு வாசலிலும் கல் நிலைப்படி உயரம், அங்கே மட்டும் கையைப் பிடித்துக்கொண்டு தாண்ட வேண்டும். உட்காரத் திண்ணைக்குப் பஞ்சமில்லை. பொற்றாமரைக் குளத்துப் பக்கம் காற்று வரும்.

மணி மண்டபத்து இசைத் தூண்களை எல்லோரும் பார்க்கச் சொல்வார்கள். ஒரே கல்லில் கொத்தாகச் செதுக்கிய மெல்லிய தூண்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு சுரம். வயிற்றில் பிள்ளைக்குக் காது கேட்கிற மாதம் ஆயிற்று, இது கேட்டு அசையும் என்று அத்தான் என் வயிற்றையே பார்த்துக்கொண்டு நின்றார். யாரோ ஒரு பெரியவர் விரல் நுனியால் மெல்லத் தட்டிக் காட்டினார். பிள்ளை அசையவில்லை. நல்ல தூக்கம்.

அம்பாள் சன்னதியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தோம். காந்திமதிக்கு ஆடிப்பூரத்தில் வளைகாப்பு நடக்கும். கடைசியில் முளைக்கட்டு என்று ஒன்று உண்டு. முளைவிட்ட பயற்றை அம்பாள் வயிற்றில் கட்டி அவளையும் சூலியாகவே அலங்கரிப்பார்கள். சின்ன வயதில் அம்மாவோடு வந்து ஒரு தடவை கூட்டத்துக்குள் எட்டிப் பார்த்திருக்கிறேன். அப்போது எதற்குச் சாமிக்குத் தொப்பை என்று கேட்டு அடி வாங்கினேன். அர்ச்சனைக்குத் தேங்காய் வாங்கினோம், உடைக்கக் குருக்களிடம் கொடுத்துவிட்டோம். பிள்ளைத்தாச்சி வீட்டுக்காரர் தேங்காய் உடைக்கக் கூடாது என்று அத்தை சொல்லியனுப்பியிருந்தார். திரும்பும்போது கண் தன்னால் யானையைத் தேடிற்று. காந்திமதி என்று கோயில் யானை நின்றதல்லவா, 2025 ஜனவரியில் அது இறந்துபோயிற்று. மறந்துபோய் அத்தான் கையில் வாழைப்பழம் வைத்திருந்தார். அதை நானே தின்றேன்.

ரத வீதியில் வளையல் எடுத்தோம். பச்சையும் சிவப்பும் கண்ணாடி வளையல், சுமங்கலிகளுக்குக் கொடுக்கவும் சேர்த்துப் பன்னிரண்டு டஜன். கடைக்கார அண்ணாச்சி என்னைப் பார்த்ததும் ஸ்டூலைத் தூக்கி வெளியே போட்டார். பக்கத்தில் ஒரு கடையில் பத்தமடைப் பாய் தொங்கியது. தாமிரபரணிக் கரைக் கோரை, தண்ணீரில் ஊறவைத்துக் கீறிக் கீறி மெல்லிசாக்கி நெய்வது. நல்ல பட்டுப்பாய் என்றால் துணி மாதிரி மடியும், சுருட்டினால் கைக்குள் அடங்கும். அங்கே ஒரு குட்டிப் பாய், இரண்டடிதான் இருக்கும், ஓரத்தில் மயில்கழுத்து நிறத்தில் கரை. பிள்ளை பிறக்கும் முன்னால் பிள்ளைக்கென்று எதுவும் வாங்கக் கூடாது, அது எங்கள் வீட்டுச் சட்டம். பழைய வேட்டியும் சேலையும்தான் தயாராக இருக்கும். ஆகவே அந்தப் பாய் எனக்கு. நான் தியானம் பண்ண. பில்லையும் என் பெயரில் போடச் சொன்னேன்.

மத்தியானம் முழுக்கத் தூக்கம். எழுந்ததும் வண்ணார்பேட்டையில் ஒரு பெரிய ஜவுளிக் கடைக்குப் போனோம். நெல்லையில் பிள்ளைத்தாச்சி பார்க்க வேண்டிய இடம் எது என்று யாராவது கேட்டால் ஜவுளிக் கடை என்றுதான் சொல்வேன். ஏசி, மெத்தை போட்ட இருக்கை, மாடிக்கு மாடி கழிப்பறை, குடிக்கத் தண்ணீர், நாம் உட்கார்ந்திருக்க அவர்களே எடுத்து விரித்துக் காட்டுவார்கள். ஒன்றரை மணி நேரம் இருந்துவிட்டு இரண்டு நைட்டி எடுத்தேன். கடை ஆட்கள் முகம் சுளிக்கவில்லை.

அப்புறம் அல்வா. இதைக் கொஞ்சம் விரித்துத்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தப் பயணத்தின் பெரிய சண்டையே அதுதான்.

மாசமாக இருக்கிறவர்களுக்கு 75 கிராம் குளுக்கோசைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். 140-ஐத் தொட்டால் கர்ப்பகாலச் சர்க்கரை என்று எழுதிவிடுவார்கள். எனக்கு 137. "பாஸ்தான், ஆனா ஜஸ்ட் பாஸ்" என்றார் டாக்டரம்மா. இனிப்பைக் கிட்டே சேர்க்காதே என்று சொல்லி அனுப்பினார். கருப்பட்டி போட்டால் பரவாயில்லையா என்றேன். "உடம்புக்குள்ள போயிட்டா ரெண்டும் சர்க்கரைதான்" என்றுவிட்டார். இப்படிப்பட்டவளை நெல்லைக்கு அழைத்து வந்தால் எப்படி? அத்தான் பெரிய தியாகி மாதிரி, "நானும் சாப்பிடலட்டி, அந்தத் தெருப் பக்கமே போகாண்டாம்" என்றார். அதுதான் எனக்குக் கோபம். நெல்லைக்கு வந்து இருட்டுக்கடைத் தெருவுக்குப் போகாமல் திரும்பினேன் என்று ஊரில் எப்படிச் சொல்வது? ஆட்டோவில் இருந்து இறங்கும்வரை பேசவில்லை.

கடைசியில் ஒப்பந்தம் ஒன்று போட்டோம். நூறு கிராம் வாங்குவது. ஒரு ஸ்பூன் எனக்கு, மற்றது அவருக்கு. ராத்திரிக்கு எனக்குச் சோறு, இட்லி கிடையாது, காயும் சுண்டலும்தான். சாப்பிட்ட பிறகு அரை மணி நேரம் நடக்க வேண்டும்.

கோயிலுக்கு எதிரே கீழ ரத வீதியில் அந்தக் கடை. சாயங்காலம்தான் திறப்பார்கள், திறப்பதற்கு முன்பே வரிசை நிற்கும். பெயருக்கு ஏற்ற மாதிரி பெரிய விளக்கு, பலகை என்று எதுவும் கிடையாது. பெயரை முன்னும் பின்னும் ஒட்டிக்கொண்டு ஊர் முழுக்கக் கடைகள் இருக்கின்றன, புதிதாக வருகிறவர்கள் வரிசையைப் பார்த்துத்தான் அடையாளம் கண்டுகொள்ள வேண்டும். இவர் வரிசையில், நான் எதிர்த் திண்ணையில். சம்பா கோதுமையை ஊறப்போட்டு அரைத்துப் பாலெடுத்து, அந்தப் பாலைச் சர்க்கரையும் நெய்யுமாகக் கிண்டிக்கொண்டே இருந்தால் அல்வா. செய்முறையில் ஒளிவுமறைவு ஒன்றுமில்லை. ஆனாலும் தென்காசியில் நாங்கள் கிண்டினால் கோந்து மாதிரித்தான் வருகிறது. தாமிரபரணித் தண்ணீர் என்பார்கள். எங்கள் குழாயில் வருவதும் தாமிரபரணித் தண்ணீர்தான். எனக்கு அந்தக் காரணத்தில் நம்பிக்கை இல்லை. கை தான் காரணம்.

வாங்கிக்கொண்டு குறுக்குத்துறைக்கு ஆட்டோ பிடித்தோம். முருகன் கோயில் ஆற்றுக்குள்ளேயே இருக்கிறது. வெள்ளம் வந்தால் மூழ்கும், வடிந்தால் கழுவிவிட்டுத் திரும்பப் பூசை. 2023 டிசம்பரில் வந்த வெள்ளத்தைத் தென் மாவட்டத்துக்காரர்கள் யாரும் மறக்க முடியாது, அப்போதும் மூழ்கியது. இப்போது ஆறு சாதுவாகப் பாறைக்கு நடுவே போய்க்கொண்டிருந்தது. படித்துறையில் இறங்கவில்லை, பாசி. மேலே கல் மண்டபத்தில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தோம். கீழே இரண்டு பையன்கள் குதிப்பதும் ஏறுவதுமாக இருந்தார்கள்.

அல்வா இன்னும் சூடாக இருந்தது. தாளைப் பிரித்ததும் நெய் விரலெல்லாம் வழிந்தது. என் ஸ்பூனை நானே அள்ளினேன், கொஞ்சம் பெரிய ஸ்பூன்தான். மெல்ல வேண்டியதில்லை, நாக்கில் வைத்தால் வழுக்கிக்கொண்டு போகிறது. அவ்வளவு ஆசைப்பட்டதற்கு அது நான்கு நொடியில் முடிந்துவிட்டது. மிச்சத்தை அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு தின்றார். நான் பார்க்கக் கூடாதாம். நெய் மணம் ஆற்றுக்கு அந்தப் பக்கம்வரை வீசும்போது முகத்தைத் திருப்பி என்ன செய்ய. அம்மா வீட்டுக்கு எத்தனை நாளுக்கு ஒரு தடவை வருவீர்கள் என்று அவரிடம் கேட்க வேண்டும் என்றிருந்தேன், கேட்கவில்லை. அவரே, "ஞாயித்துக்கிழம ஞாயித்துக்கிழம வந்திருதேன், கோவில்பட்டி என்ன அமெரிக்காவா" என்றார். இருட்டியதும் கொசு வந்துவிட்டது, கிளம்பிவிட்டோம்.

ஒப்பந்தப்படி நடை பாக்கி. சுலோசன முதலியார் பாலத்தில் நடக்கலாம் என்றார். 1843-ல் திறந்த பாலம். நெல்லைக்கும் பாளையங்கோட்டைக்கும் நடுவே ஆற்றைக் கடக்க ஜனங்கள் படும் பாட்டைப் பார்த்துச் சுலோசன முதலியார் சொந்தப் பணத்தைப் போட்டுக் கட்டியது. பதினோரு வளைவு, 760 அடி. கதை நல்ல கதை, நடக்கத்தான் ஆகாது. ஹாரனும் புகையுமாக ஐந்து நிமிடம் நடந்தோம், ஆட்டோவைக் கைதட்டிக் கூப்பிட்டுவிட்டேன். மிச்ச நடையை ஓட்டல் வராந்தாவில் முடித்தேன்.

அன்று ராத்திரிதான் ஓட்டலின் பெரிய குறை தெரிந்தது. கீழே முன்பக்கம் கல்யாண மண்டபம். தை மாதம், முகூர்த்த நாள். வரவேற்புக்குப் பாட்டுக் கச்சேரியோ, பெட்டி வைத்து அடித்ததோ, பதினொன்றரை வரைக்கும் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அறை எடுக்கும்போது இதை ஒருத்தர் சொல்லவில்லை. ஏழு சுரம் பேசுகிற கல் தூணுக்கு அசையாத பிள்ளை இந்தக் குத்துப்பாட்டுக்கு உதைத்தது பாருங்கள் உதை! அத்தான் கையை வைத்துப் பார்த்துவிட்டு எழுந்து உட்கார்ந்துவிட்டார். "உன் வழிதாம்ட்டி" என்றார். தம்பியைப் போனில் கூப்பிட்டோம். மண்டபத்தில் சொல்லி அனுப்பினான், சத்தம் கொஞ்சம் குறைந்தது. பத்து நிமிடம்தான். திரும்ப ஏற்றிவிட்டார்கள். பின்பக்க அறை காலியில்லை.

ஞாயிற்றுக்கிழமைக்கு ஆதிச்சநல்லூர் என்று இவர் எழுதி வைத்திருந்தார். முதுமக்கள் தாழி எல்லாம் பார்க்கலாம் என்று. அத்தை போனிலேயே தடை போட்டார். வயிற்றுப்பிள்ளையோடு இடுகாடு பார்க்கப் போவாளா ஒருத்தி என்று. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை, ஆனால் தலையாட்டி வைத்தேன். வெயிலும் ஒரு காரணம். அதற்குப் பதில் விடியற்காலம் கார் பிடித்துக் கூந்தன்குளம். நாற்பது கிலோமீட்டருக்குள்தான். சீட் பெல்ட்டை வயிற்றுக்குக் கீழே தொடைக்கு மேல் வருகிற மாதிரி போட்டுக்கொண்டேன். வழியில் வேகத்தடை நிறைய, டிரைவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். எங்கள் டிரைவர் சொன்ன பிறகு கோழிக்குஞ்சு கொண்டுபோகிற மாதிரி ஓட்டினார்.

கூந்தன்குளத்தில் எதையும் ஏறி இறங்கிப் பார்க்க வேண்டியதில்லை. பறவை ஊருக்குள்ளேயே இருக்கிறது. வீட்டு வாசல் வேப்பமரத்தில், புளியமரத்தில் மஞ்சள்மூக்கு நாரை கூடு கட்டி உட்கார்ந்திருக்கிறது. கீழே ஆடு கட்டியிருக்கிறார்கள், துணி காயப்போட்டிருக்கிறார்கள், எச்சம் விழுந்தால் திட்டிக்கொண்டே கழுவுகிறார்கள். தீபாவளிக்கு இந்த ஊரில் வெடி வெடிப்பதில்லை. குளத்தில் கூழைக்கடா, தூரத்தில் வரித்தலை வாத்து. அந்த வாத்து இமயமலையைத் தாண்டி வருகிறது. 1994-ல் சரணாலயம் ஆனது, 2022-ல் ராம்சர் பட்டியலிலும் சேர்த்தார்கள். அரசாங்கம் வருவதற்கு வெகுகாலம் முன்பே ஊர் பார்த்துக்கொண்டதுதான். கண்காணிப்புக் கோபுரத்தில் அத்தான் மட்டும் ஏறினார். நான் ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தேன். கழிப்பறை கேட்டேன், வீட்டு ஆச்சி உள்ளே கூட்டிப்போனாள். திரும்பி வந்ததும் மரத்தைக் காட்டி, "இதுகளும் பேறுகாலத்துக்கு வந்த பிள்ளையதான். வந்த பிள்ளையள வெரட்டவா செய்வோம்? குஞ்சு பெரிசானதும் அதுகளாப் போயிரும்" என்றாள். அப்புறம் என்னைப் பார்த்து, "ஒனக்கு எந்த ஊரு, தாய் வீடு?" என்றாள். கோவில்பட்டி என்றேன். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஏழாம் மாதத்தில் இதெல்லாம் சகஜம், முந்தின வாரம் பிரஷர் குக்கர் விளம்பரம் பார்த்து அழுதவள் நான்.

மத்தியானச் சாப்பாடு பாளையங்கோட்டையில். ஊசிக்கோபுரத்துப் பக்கம் ஞாயிறு ஆராதனை முடிந்து ஜனங்கள் வீடு திரும்பிக்கொண்டிருந்த நேரம். ஒரு வீட்டை ஒட்டின சின்ன மெஸ், கணவன் மனைவி இரண்டு பேரும் சேர்ந்து நடத்துகிறார்கள், பலகை கூட இல்லை. ஞாயிற்றுக்கிழமை சொதி. நெல்லைக் கல்யாணங்களில் மறுவீட்டு விருந்துக்கு வைப்பது. தேங்காய்ப்பாலை மூன்று தடவையாக எடுத்து, மூன்றாம் பாலில் காயை வேகவைத்து, பாசிப்பருப்பு சேர்த்து, முதல் பாலைக் கடைசியில் ஊற்றி இறக்கி, எலுமிச்சம்பழம் பிழிவார்கள். மிளகாய்ப்பொடி, மசாலா எதுவும் இல்லை, பச்சைமிளகாயும் இஞ்சியும்தான். எனக்கு இரண்டு மாதமாக எதைத் தின்றாலும் நெஞ்சு கரிக்கும். இதைத் தின்றால் கரிக்கவில்லை. தேங்காய்ப்பால் மந்தத்துக்கு இஞ்சித் துவையல், கடிக்க உருளைக்கிழங்கு வறுவல். சோறு கொஞ்சம் வாங்கி, சொதியைக் கிண்ணத்தில் ஊற்றிக் குடித்தேன். இரண்டாவது கிண்ணம் கேட்கக் கூச்சமாக இருந்தது. அந்த அக்காவே ஊற்றிவிட்டு, "ரெண்டு உசுருக்குல்லா" என்றார். ஃபேன் காற்று, மர பெஞ்சு, சாய்மானம் கிடையாது. கழிப்பறை வீட்டுக்குள். படி ஒன்றே ஒன்று. இரண்டு பேருக்கும் சேர்த்து ஓட்டல் காபிச் செலவுகூட ஆகவில்லை.

சாயங்காலம் அறையைக் காலி செய்யும்போது கருத்து எழுதச் சொல்லி நோட்டு நீட்டினார்கள். மேடு, டைல்ஸ், கம்பி, ஐந்து படி, மண்டபம் என்று ஒன்று விடாமல் எழுதினேன், ஒரு பக்கம் வந்தது. அடியில் தம்பியைப் பற்றி இரண்டு வரி. மேனேஜர் வாசித்துவிட்டு, "கம்பி உடனே போட்டுருவோம் மேடம்" என்றார். எந்தக் கம்பி என்று கேட்டேன். துண்டு போடுகிற கம்பியாம்.

அறைக்கு ஐந்துக்கு இரண்டரை. காலையில் தந்த இட்லிக்கும் புளிமிளகாய்க்கும் நான்கு. தம்பிக்கு ஐந்து, ஆறு தலையணைக்கு ஆறு கூடப் போடலாம். அந்தப் பக்கம் அறை எடுக்கிறவர்கள் தை, மாசியில் போவதாக இருந்தால் முகூர்த்த நாளா என்று காலண்டரைப் பார்த்துவிட்டுப் போங்கள். எந்த ஓட்டலாக இருந்தாலும் போனில் கேட்க வேண்டியது இது: குளியலறை வாசலில் மேடு உண்டா, லிஃப்ட் எந்தத் தரையில் இருந்து தொடங்குகிறது, கீழே மண்டபம் இருக்கிறதா. மருத்துவ ஃபைலும், கர்ப்பத்தை அரசாங்கத்தில் பதிந்ததற்குத் தருகிற பிக்மி எண் எழுதின அட்டையும் கைப்பையிலேயே இருக்கட்டும், பெட்டிக்குள் வைத்தால் தேடத்தான் நேரம் போகும். எங்களுக்குத் தேவைப்படவில்லை.

ரயிலில் திரும்பும்போது சேரன்மகாதேவி தாண்டி அத்தை போன் பண்ணினார். வளையல் வாங்கியாச்சா என்றார். ஆச்சு என்றேன். "வேற என்ன வாங்கின?"

ஒரு பாய், எனக்கு, என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "எத்தன அடி?" என்று கேட்டார்.